நுவரெலியா பங்களாவும் சகலன்மார் கணக்கும்

நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்து, கொழும்பு மொத்தக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கடைக் கணக்கு ஓரளவு சீரானதும் எமது பிரதேசத்தவர்கள் மலைநாட்டுக்குப் புறப்படுவதை வியாபாரிகள் அனைவரும் அவதானித்திருப்பீர்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் வேன்கள் மஹியங்கனை வழியாகவோ, பிபிலை, பதுளை வழியாகவோ நுவரெலியாவை நோக்கி ஓடுகின்றன. 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருடங்களும் ஏப்ரல் மாதத்தின் பெரும்பகுதி நோன்பாக இருந்தது. 2025இல் பெருநாள் மார்ச் இறுதிக்கு நகர்ந்துவிட்டது. இனிச் சில வருடங்களுக்கு ஏப்ரல் விடுமுறை பெருநாளுக்குப் பின்னரே வரும். கையில் காசும், பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறையும் ஒன்றாகக் கிடைக்கின்ற காலம் இது.

நுவரெலியாவில் ஏப்ரல் என்பது 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று நாடே அங்கு திரள்கிறது. குதிரைப் பந்தயம் நமக்குத் தேவையில்லாத விடயம்தான். ஆனால் அதனால் ஏறுகின்ற வாடகையை நாமும்தான் கொடுக்கிறோம். ஆகவே தனித்தனிக் குடும்பமாக ஹோட்டலில் அறை எடுப்பதைவிட, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு முழு பங்களாவை வாடகைக்கு எடுப்பதையே நம்மவர்கள் விரும்புகின்றனர். சொந்தச் சமையலறை கிடைக்கும். ஹலால் பற்றிய கவலை இல்லை. பெண்களுக்கும் வசதி. இவை எல்லாம் சரி. வாடகையை எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் எவரும் புறப்படும் முன் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

"குடும்பத்துக்குள் என்ன கணக்கு?" என்று சிலர் கேட்கலாம். எமது பிரதேசத்தில் ஒன்றாகப் பயணம் போகின்ற குடும்பம் யார் யார் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. அக்கா, தங்கைமார் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ வாழ்கின்றனர். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தத் தாய்வழிக் குடி முறை முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒன்றுபோல இருப்பதை விரிவாக எழுதியுள்ளார். இதன் பலனாக, விடுமுறைக்கு ஒன்றாகப் போகின்றவர்கள் பெரும்பாலும் சகோதரிகளின் குடும்பங்கள். பயணத்தைத் தீர்மானிப்பவர்கள் உம்மாவும் பெண் மக்களும். பணம் கொடுப்பவர்களோ வெவ்வேறு குடியிலிருந்தும் சில வேளை வெவ்வேறு ஊரிலிருந்தும் வந்து சேர்ந்த மருமக்கள், அதாவது சகலன்மார். ஒருவர் கத்தாரில் தொழில் செய்வார், ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் புடைவைக் கடைக்காரர். கூடப் பிறந்த காக்காவிடம் "இது சரியில்லை" என்று சொல்லிவிடலாம். சகலனிடம் அப்படிச் சொல்ல முடியாது. மனதில் வைத்துக் கொண்டிருப்பார்கள். அது மனைவியின் வாயால் வெளிவரும்.

வியாபாரிகள் இதில் அதிக கவனமாக இருக்க வேண்டிய காரணமும் உண்டு. எமது ஊர்களில் சகலன்மார் கூட்டாக நடத்துகின்ற கடைகள் எத்தனையோ உள்ளன. எனக்குத் தெரிந்த இருவர் பதினொரு வருடம் ஒரு கடையை ஒற்றுமையாக நடத்தினார்கள். ஒரு ஏப்ரல் பயணத்தில் வாடகையைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். மூத்தவருக்கு நான்கு பிள்ளைகள், இரண்டு அறைகள். இளையவருக்குப் பிள்ளை இல்லை. அவருக்குக் கிடைத்தது குளியலறை இல்லாத பின்புற அறை. அங்கு எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து இரண்டு மாதத்தில் இளையவர் "ஸ்டொக் எடுப்போம், பங்கைப் பிரிப்போம்" என்றார். பங்களா வாடகையில் இருந்த வித்தியாசம் அந்தக் கடையின் ஒரு நாள் விற்பனையளவும் வராது.

சாப்பாடு வேறு, வாடகை வேறு

பயணச் செலவில் இரண்டு வகை உண்டு. எல்லாக் குழப்பமும் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதனால்தான் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

பயணத்தில் உணவைச் சேர்த்துப் போட்டு ஒன்றாகச் சாப்பிடுவதற்கு அறபியில் 'நஹ்த்' என்று பெயர். இமாம் புஹாரி தமது ஹதீஸ் தொகுப்பில் கூட்டு வியாபாரம் பற்றிய பாகத்தை இந்த விடயத்துடன்தான் ஆரம்பிக்கிறார் என்பது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று. அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் கடற்கரைப் பக்கம் சென்ற படையினர் தம்மிடமிருந்த உணவை ஒன்றாகச் சேர்த்ததும், அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறையும்போது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொண்டதும், அதற்காக நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் பாராட்டியதும் அங்கே வருகின்றன. ஒருவர் கூடச் சாப்பிடுவார், இன்னொருவர் குறையச் சாப்பிடுவார். அதைக் குற்றமாக எடுப்பதில்லை. ஏனென்றால் அது கொடுக்கல் வாங்கல் அல்ல, மனம் ஒத்துக் கொடுப்பது.

ஆகவே சாப்பாட்டில் தலை எண்ணாதீர்கள். ஒருவர் அரிசியும் தேங்காயும் கொண்டு வரட்டும், ஒருவர் ஐஸ் பெட்டியில் மீனும் நண்டும், ஒருவர் தயிர்ச் சட்டி. மிகுதிக்கு ஒரு பொதுப் பணம். (நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கு ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேக அதிக நேரம் எடுக்கும். கேஸ் சிலிண்டர் கணக்கை ஊர்க் கணக்கில் போட வேண்டாம்.)

வாடகை அப்படியானது அல்ல. அது வீட்டுக்காரருக்கும் நமக்கும் இடையிலான ஒப்பந்தம், கொடுக்க வேண்டிய கடன். அதில் ஒருவர் மற்றவருக்காகச் செலுத்தினால் அது ஒன்றில் கடன், இல்லாவிட்டால் அன்பளிப்பு. எது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேன் கூலியும் இப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேச்சுக்கு ஒரு தொகையை எடுத்துக் கொள்வோம். ஆறு அறைகள் கொண்ட பங்களா, ஓர் இரவுக்கு 44,000 ரூபா, மூன்று இரவுகளுக்கு 132,000 ரூபா. போகின்றவர்கள் வாப்பா, உம்மா; மூத்த மகளும் மருமகனும் நான்கு பிள்ளைகளும்; இரண்டாவது மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும்; புதிதாக முடித்த மூன்றாவது மகளும் மருமகனும்; மகனும் மருமகளும் ஒரு கைக்குழந்தையும். பெற்றோரிடம் பணம் வாங்குவதில்லை. கொடுப்பவர்கள் நான்கு குடும்பம், அவர்களில் மொத்தம் 15 தலைகள்.

குடும்பத்துக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 33,000 ரூபா. எமது ஊர்களில் அதிகமாக நடப்பது இதுதான். கேட்பதற்கு இலகு. ஆனால் புது மாப்பிள்ளை ஓர் அறைக்கு 33,000 கொடுக்கிறார், மூத்தவர் இரண்டு அறைக்கு அதே தொகையைக் கொடுக்கிறார்.

தலைக்கணக்கில் பிரித்தால் ஒரு தலைக்கு 8,800. மூத்தவருக்கு 52,800, இரண்டாமவருக்கு 35,200, புது மாப்பிள்ளைக்கு 17,600, மகனுக்கு 26,400. தாயின் கட்டிலில் தூங்குகின்ற கைக்குழந்தைக்கும் 8,800 அறவிடுவது எந்த நியாயம்? பெரியவர் ஒன்று, சிறுவர் அரை, கைக்குழந்தை இல்லை என்று வைத்தால் மொத்தம் 11 பங்கு, ஒரு பங்கு 12,000. அப்போது முறையே 48,000, 36,000, 24,000, 24,000. இது முன்னையதை விடப் பரவாயில்லை. இருந்தாலும் பிள்ளைகள் அதிகமுள்ளவரைப் பார்த்து "உங்களுக்குப் பிள்ளைகள் கூட" என்று சொல்லுகின்ற கணக்கு இது.

அறைக்கணக்கில் பிரித்தால் ஓர் அறை 22,000. மூத்தவருக்கு இரண்டு அறை, 44,000. மற்ற மூவருக்கும் 22,000 வீதம். வாப்பா, உம்மாவின் அறை 22,000ஐ நால்வரும் 5,500 வீதம் பகிர்ந்தால் மூத்தவருக்கு 49,500, மற்றவர்களுக்கு 27,500 வீதம். எனது தெரிவு இந்த முறைதான். வீட்டுக்காரர் நமக்குத் தருவது அறைகளை. வாங்கிய பொருளுக்கு விலை கொடுப்பது வியாபாரிக்குப் புரிகின்ற நியாயம். மூத்தவர் நான்கு பிள்ளைகளையும் ஒரே அறையில் தம்முடன் படுக்க வைத்துச் செலவைக் குறைக்க விரும்பினால் அது அவருடைய விருப்பம். எவரும் எவருடைய பிள்ளைகளையும் எண்ணத் தேவையில்லை.

எல்லா அறையும் ஒரே மாதிரி இருப்பதில்லையே என்று கேட்பீர்கள். உண்மை. வெந்நீரும் குளியலறையும் சேர்ந்த அறைக்கும், சமையலறைக்குப் பின்னால் உள்ள அறைக்கும் சுபஹ் நேரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. பிரிப்பவர் ஒருவர், முதலில் எடுப்பவர் வேறொருவர். மூத்த மருமகன் ஆறு அறைகளுக்கும் மொத்தம் 132,000 வரும்படி விலை வைக்கட்டும். உதாரணமாக 28,000, 26,000, 24,000, 20,000, 18,000, 16,000. பின்னர் இளையவரிலிருந்து தெரிவு தொடங்கட்டும், விலை வைத்தவர் கடைசியில் எடுக்கட்டும். கடைசியில் எடுக்கப் போகிறவர் எந்த அறைக்கும் அநியாய விலை வைக்க மாட்டார். அமெரிக்கக் கணித அறிஞர் பிரான்சிஸ் சு 1999இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சில சாதாரண நிபந்தனைகளின் கீழ், ஒரு வீட்டின் வாடகையை எவரும் மற்றவரின் அறை மீது ஆசைப்படாதபடி அறைகளுக்குப் பிரிக்க முடியும் என்பதைக் கணித ரீதியாக நிறுவினார். நமக்குக் கணிதம் வேண்டாம், துண்டு எழுதிச் சீட்டுக் குலுக்கினாலும் போதும்.

பெற்றோரின் அறையை மட்டும் இந்தப் போட்டியில் சேர்க்கக் கூடாது. குளியலறைக்குக் கிட்டிய, படி ஏறத் தேவையில்லாத அறை அவர்களுக்கென்று முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அத்துடன், நாற்பது வருடம் கடை நடத்திய வாப்பா "நானும் என் பங்கைத் தருவேன்" என்றால் மறுக்காதீர்கள். வேன் கூலியை அவரிடம் விட்டுவிடலாம். மருமக்கள் செலவில் போய் வந்தோம் என்ற எண்ணம் சில முதியவர்களை உள்ளுக்குள் வருத்தும்.

பங்களா பார்க்கும்போது அறைகளை எண்ணுகிறோம், குளியலறைகளை எண்ணுவதில்லை. சகலனும் மைத்துனியும் ஒருவருக்கொருவர் மஹ்ரம் அல்லர். ஆறு அறைக்கு இரண்டு குளியலறை என்றால் பெண்கள் மூன்று நாளும் அவதிப்படுவார்கள். ஆண்களுக்கு ஒரு ஹோல், பெண்களுக்கு ஒரு ஹோல் இருக்கின்ற வீடாகப் பாருங்கள். சற்று வாடகை கூடினாலும் பரவாயில்லை. சாரதிக்குப் படுக்க இடம், சமையல்காரரைக் கூட்டிச் சென்றால் அவருக்கும் இடம் வேண்டும். அந்தச் செலவு எல்லோருக்கும் பொது.

ஆசிரியர் எடுத்துத் தந்த பங்களா

அரச உத்தியோகத்தர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் திணைக்களத்தின் சர்க்கியூட் பங்களா கிடைக்கலாம். வாடகை வெளியில் உள்ளதை விடப் பல மடங்கு குறைவு. பெரும்பாலும் இந்த மருமகன்தான் குடும்பத்தில் வருமானம் குறைந்தவராகவும் இருப்பார். எல்லோரும் மலிவாகப் போய் வருகிறோம், அவரிடமும் ஒரு பங்கு வாங்குகிறோம். பதிவு அவருடைய பெயரில். ஒரு கண்ணாடி உடைந்தாலும் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கூட்டு வியாபாரத்தில் ஒருவர் முதலும் இன்னொருவர் உழைப்பும் போடுவதை நாம் ஏற்றுக் கொள்கிறோம் அல்லவா? அவருடைய தகுதியால் கிடைத்த இலாபமும் ஒரு முதல்தான். அவருடைய வாடகைப் பங்கை மற்ற மூவரும் ஏற்றுக் கொள்வது மரியாதை. அதை அவர் கேட்கும்படி விடக் கூடாது.

முற்பணம் போனால் யாருக்கு நட்டம்?

சாதாரணமாகக் கையில் பணப்புழக்கம் உள்ள வியாபாரிதான் முற்பணத்தைக் கட்டுவார். பயணம் நடந்தால் பிரச்சினை இல்லை. நடக்காவிட்டால்?

இது கற்பனை அல்ல. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின் அந்த சீசனே நின்றுபோனது. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது. 2022 நடுப்பகுதியில் வேனுக்கு டீசல் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டுப் பாதைகள் பல மண்சரிவினால் துண்டிக்கப்பட்டன, டிசம்பர் விடுமுறைக்குத் திட்டமிட்டவர்கள் வீட்டிலேயே இருந்தனர். ஏழு வருடத்துக்குள் நான்கு தடவை.

எல்லோருடைய சம்மதத்துடன் ஒருவர் முற்பணம் கட்டினால் அவர் மற்றவர்களின் வக்கீல், அதாவது அவர்களுக்காகச் செயற்படுபவர். அவருடைய கவனயீனம் எதுவும் இல்லாமல் பணம் போனால் நட்டம் எல்லோருக்கும் உரியது, அவரவர் பங்கின்படி. இதை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி எல்லோரும் 'சரி' என்று போட்டால் போதும். மறுபக்கம், கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் மட்டும் தன் காரணத்தால் வராமல் விட்டால் அறைப் பங்கை அது கொடுத்தே ஆக வேண்டும். சாப்பாட்டுப் பங்கைக் கேட்கக் கூடாது. நோய், மரணம் என்றால் அது வேறு.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பாதை மூடப்பட்டால் திகதியை மாற்றித் தருவாரா, எவ்வளவு காலத்துக்குள்? முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? தரகர் கையில் காசு கொடுப்பதை விட உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது நல்லது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்ற இடமா என்பதையும் கேட்டு வையுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் உடைந்தவற்றையும் கறைபட்டவற்றையும் போனில் படம் எடுங்கள்.

ஒரு யோசனை. பெண்கள் வீட்டில் பிடிக்கின்ற சீட்டு போல, பயணத்துக்கென்று மாதாந்தம் ஒரு தொகையைச் சேர்க்கலாம். கத்தார் மருமகனும் ஆசிரியர் மருமகனும் பன்னிரண்டு மாதத்தில் தத்தமது பங்கைச் சிரமமின்றிக் கட்டி முடிப்பார்கள். அந்தப் பணம் அமானத். அதைக் கடை வியாபாரத்தில் புரட்டக் கூடாது, பெருநாள் சரக்குக்குக் கூட.

சேர்ந்து வாங்குவோமா?

மூன்று தடவை ஒன்றாகப் போய் வந்தவர்கள் நான்காவது தடவை, "வாடகை கொடுக்கிற காசுக்கு நாமே ஒரு வீடு வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்கத் தொடங்குவார்கள். மலைநாட்டில் மட்டுமல்ல, அறுகம்பைப் பக்கமும் இப்படி நாலு பேர் சேர்ந்து வாங்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. இங்குதான் நான் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

நால்வர் சேர்ந்து உறுதி எழுதினால் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத நான்கில் ஒரு பங்கு. யார் எந்த மாதம் பாவிப்பது என்பதை முறை வைத்துக் கொள்ளலாம். கூட்டுச் சொத்தைக் காலமுறைப்படி பாவிப்பதை ஃபிக்ஹு நூல்கள் 'முஹாயஆ' என்ற பெயரில் பேசுகின்றன. ஏப்ரல் யாருக்கு என்பதை வருடாவருடம் சுழற்ற வேண்டும் என்பது மட்டுமே இதில் உள்ள சிக்கல்.

பெரிய சிக்கல் ஒருவர் மௌத்தாகும்போது வருகிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மரண சாசனமின்றி இறக்கும் முஸ்லிமின் சொத்து இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். பெற்றோர் முன்னரே காலமாகியிருந்து, மனைவியும் இரு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் இருந்தால், அவருடைய நான்கில் ஒரு பங்கில் மனைவிக்கும் ஒவ்வொரு மகளுக்கும் வீட்டின் 32இல் 1, ஒவ்வொரு மகனுக்கும் 32இல் 2. நான்கு உரிமையாளர் இருந்த வீட்டுக்கு இப்போது ஒன்பது பேர். இன்னொருவரும் காலமானால் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர்களுள் எவரும், 32இல் ஒரு பங்கு உள்ளவரும் கூட, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம். ஒரு வீட்டை ஒன்பதாக வெட்ட முடியாது என்பதால் அது ஏலத்தில்தான் முடியும்.

எமது பிரதேசத்தில் இன்னொன்றும் சேர்கிறது. பழக்க தோஷத்தால் உறுதியைச் சகோதரிகளின் பெயரில் எழுதுகிறார்கள், பணத்தைப் போட்டவர்களோ மருமக்கள். அது மனைவிக்குக் கொடுத்த அன்பளிப்பா, அல்லது பெயர் மட்டும்தான் அவளுடையதா? இதற்கான பதிலை நொத்தாரிசுக்கு முன்னால் எழுத்தில் வைக்காவிட்டால், வாரிசுகள் வேறாகிவிடுவார்கள்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் கம்பனியைப் பதிந்து வீட்டை அதன் பெயரில் வாங்குவது பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்கலாம். பங்குதாரர் 50 பேர் வரை இருக்கலாம். ஒருவர் இறந்தால் கைமாறுவது பங்குகள், உறுதியில் கை வைக்கத் தேவையில்லை. வருடாந்த அறிக்கைகள், அவற்றுக்கான செலவு என்பன உண்டு. ஒருவர் விலக விரும்பினால் மற்றவர்கள் எந்த விலைக்கு, எவ்வளவு காலத்துக்குள் வாங்குவது என்பதை முதல் நாளே எழுத வேண்டும். சோலைவரியும் காவல்காரர் சம்பளமும் யாரும் போகாத மாதங்களிலும் வரும். வருடத்தில் எத்தனை இரவு அந்த வீட்டில் தங்குவீர்கள் என்று எண்ணி, அத்தனை இரவுக்கான வாடகையை ஒரு பக்கத்திலும் இந்தச் செலவுகளை மறுபக்கத்திலும் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். நாங்கள் இன்னும் வாடகைக்குத்தான் எடுக்கிறோம்.